முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை: முடிவெடுக்கும் நாள் முதல் ஓராண்டு வரை

ஒரே மாதத்தில், ஒரே மருத்துவரிடம், ஒரே வகைச் செயற்கை மூட்டைப் பொருத்திக்கொண்ட இருவரில் ஒருவர் மூன்றாம் மாதத்தில் கைத்தடி இல்லாமல் கடைத்தெருவுக்குப் போய்வருகிறார். மற்றவரோ ஆறு மாதம் ஆகியும் காலை முழுதாக நீட்ட முடியாமல், ஏன்தான் செய்துகொண்டோமோ என்று வருந்துகிறார். பொருத்தப்படும் கருவியின் ஆயுளைப் பற்றி இன்று பெரிய ஐயமில்லை. ஆஸ்திரேலியா, பின்லாந்து நாடுகளின் மூட்டு மாற்றுப் பதிவேடுகளைக் கொண்டு 2019-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, முழு முழங்கால் மாற்றுகளில் 100-க்கு ஏறத்தாழ 82, 25 ஆண்டுகள் வரை நீடிக்கும் என்று கணித்தது. ஆனால் சிகிச்சை பெற்றவர்களில் ஐந்தில் ஒருவர் வரை முழு மனநிறைவு அடைவதில்லை என்பதும் பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்டறியப்பட்ட செய்தி.

இந்த வழிகாட்டி அந்த ஐந்தாமவரைப் பற்றிய கவலையில் எழுதப்பட்டது. அறுவை அரங்கில் கழியும் ஒன்றரை மணி நேரம் மருத்துவர் கையில் இருக்கிறது. அதற்கு முந்தைய இரண்டு மாதமும் பிந்தைய மூன்று மாதமும் பெரும்பாலும் நோயாளியின் கையிலும் வீட்டாரின் கையிலும் இருக்கின்றன. என் தாயாருக்கு வலது முழங்காலில் இச்சிகிச்சை நடந்தபோது இதை நாங்கள் தாமதமாகவே புரிந்துகொண்டோம். இங்கே தரப்படும் அளவுகள் பொதுவானவை. எந்த மருந்தையும் நிறுத்துவதும் மாற்றுவதும் சிகிச்சையளிக்கும் மருத்துவரின் சொற்படியே நடக்க வேண்டும்.

படி 1: இப்போது தேவைதானா என்று பாருங்கள்

பலனைத் தீர்மானிக்கும் முதல் காரணி, சரியான ஆளுக்குச் சரியான நேரத்தில் சிகிச்சை நடப்பதே. எக்ஸ்ரேயில் எலும்பு எலும்போடு உரசும் அளவுக்குத் தேய்ந்த முழங்கால் உள்ளவர்களுக்கு வலி நீங்குவது தெளிவாகத் தெரிகிறது. தேய்மானம் குறைவாக இருந்து வலி மட்டும் மிகுதியாக உள்ளவர்களிடமோ மனக்குறை அதிகம் காணப்படுகிறது. அவர்களில் சிலருக்கு வலியின் ஊற்று முழங்காலிலேயே இருப்பதில்லை. இடுப்பு மூட்டுத் தேய்மானத்தின் வலி தொடை வழியே இறங்கி முழங்காலில் உணரப்படுவதுண்டு. முதுகெலும்பில் நரம்பு அழுந்துவதாலும் கால் வலிக்கும். ஆகவே முழங்காலை மட்டும் படமெடுத்துப் பார்த்து நாள் குறிக்கும் இடத்தில், இடுப்பையும் முதுகையும் பரிசோதித்தார்களா என்று கேட்பது உங்கள் உரிமை.

மிக முன்னதாகச் செய்வது ஒரு பிழையென்றால், மிகவும் பிந்துவதும் அதே அளவு பிழைதான். அறுவைக்குப் பின் முழங்கால் எவ்வளவு மடங்கும் என்பதை முன்கூட்டியே காட்டும் அறிகுறிகளுள் முதன்மையானது, அறுவைக்கு முன் அது எவ்வளவு மடங்கியது என்பதாகும். ஆண்டுக்கணக்கில் வலியைப் பொறுத்து, கால் வில்லாக வளைந்து, நீட்ட முடியாமல் மடங்கியே நின்று, தொடைத்தசை மெலிந்த பிறகு வருபவருக்கு வலி நீங்கினாலும் நடை முழுதாகத் திரும்புவது கடினம். உடல் எடைக் குறைப்பு, தொடைத்தசைப் பயிற்சி, வலிக்கும் காலுக்கு எதிர்க்கையில் கைத்தடி, மாத்திரை ஆகிய எல்லாவற்றையும் சில மாதங்கள் ஒழுங்காகச் செய்து பார்த்தும் இரவுத் தூக்கம் கெடுகிறது, தெருமுனை வரை நடக்க முடியவில்லை என்றால், அதற்குமேல் தள்ளிப்போடுவதில் நன்மை இல்லை.

எதிர்பார்ப்பும் ஒரு காரணிதான். செயற்கை முழங்கால் சராசரியாக 110 முதல் 120 பாகை (டிகிரி) வரை மடங்கும். குந்தி உட்காரவும் சம்மணமிடவும் 130 பாகைக்கு மேல் வேண்டும். சிலருக்கு அது வாய்க்கிறது. எல்லோருக்கும் வாய்ப்பதில்லை, பெரும்பாலான மருத்துவர்கள் அதை ஊக்குவிப்பதும் இல்லை. தரையில் அமர்ந்து பூத்தொடுப்பவர், வயலில் களையெடுப்பவர், மண்டியிட்டு வழிபடுபவர் ஆகியோர் தங்கள் அன்றாடத்தை மருத்துவரிடம் முன்பே விவரிக்க வேண்டும். "எல்லாம் பழையபடி செய்யலாம்" என்னும் ஒற்றை வாக்கியத்தோடு அந்தப் பேச்சு முடிந்துவிடக் கூடாது. மனச்சோர்வும், உடல் முழுதும் பரவிய நாட்பட்ட வலியும் பலனைக் குறைப்பவை. அவை இருந்தால் முன்னதாகவே அவற்றுக்குச் சிகிச்சை பெறலாம் என்பதால் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

இரண்டு முழங்கால்களையும் ஒரே நாளில் மாற்றிக்கொள்வது நம் ஊரில் பரவலாக நடக்கிறது. ஒரே மயக்க மருந்து, ஒரே மருத்துவமனை வாசம், ஒரே விடுப்பு என்ற வசதிகள் உண்மையானவை. ஆனால் இதயம், நுரையீரல் சார்ந்த சிக்கல்களின் வாய்ப்பு கூடுகிறது. வயது முதிர்ந்தவர், இதயநோய் உள்ளவர், கட்டுக்கடங்காத சர்க்கரை உள்ளவர் ஆகியோர் சில மாத இடைவெளியில் ஒவ்வொன்றாகச் செய்துகொள்வதே பாதுகாப்பு என்பது என் கருத்து.

படி 2: மருத்துவரைத் தேர்ந்தெடுங்கள்

ஒரு மருத்துவர் ஆண்டுதோறும் எத்தனை முழங்கால்களை மாற்றுகிறார் என்பதற்கும் பலனுக்கும் தொடர்பு உண்டு. நிறையச் செய்பவரிடமும், நிறைய நடக்கும் மருத்துவமனையிலும் சிக்கல்கள் குறைவு. எனவே எண்ணிக்கையைக் கேளுங்கள். தொற்று வந்தால் அங்கேயே கையாளுகிறார்களா என்றும் கேளுங்கள். ரோபோ உதவியுடன் செய்யும் அறுவையில் எலும்பை வெட்டும் கோணம் துல்லியமாக அமைகிறது என்பது உண்மை. அந்தத் துல்லியம் நோயாளியின் நடையிலும் மனநிறைவிலும் பெரிய வேறுபாடாக வெளிப்படுகிறது என்பது இன்னும் உறுதியாகவில்லை. அதற்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை.

செலவைப் பொறுத்தவரை, முழங்கால் செயற்கை மூட்டுகளின் விலைக்கு 2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்சவரம்பு விதித்தது. கருவியின் விலையும் மருத்துவமனைக் கட்டணமும் பில்லில் தனித்தனியே காட்டப்படுகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருப்பவர்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ விசாரித்துவிட்டு முடிவெடுக்கலாம்.

படி 3: முந்தைய எட்டு வாரங்களைத் தயாரிப்புக்கு ஒதுக்குங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள் என்பேன். செயற்கை மூட்டில் தொற்று ஏற்படுவது 100 பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு நேரும் அரிய சிக்கல்தான். ஆனால் நேர்ந்துவிட்டால் பல நேரம் மூட்டைக் கழற்றி, மாதக்கணக்கில் மருந்து கொடுத்து, மறுபடி பொருத்த வேண்டியிருக்கும். அந்த ஒருவராகவோ இருவராகவோ ஆகும் வாய்ப்பைக் கூட்டும் காரணிகளில் பல, முன்கூட்டியே திருத்தக்கூடியவை.

சர்க்கரையில் தொடங்குவோம். கடந்த மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 7.5-க்கும் 8-க்கும் இடையிலான வரம்பைத் தாண்டினால் பெரும்பாலான மருத்துவர்கள் அறுவையைத் தள்ளிவைக்கிறார்கள். நாள் குறித்தாகிவிட்டது, உறவினர்கள் விடுப்பு எடுத்தாகிவிட்டது என்பதற்காக இதில் அவசரப்படுத்தாதீர்கள். மூன்று மாதச் சராசரி இறங்கக் காலம் பிடிக்கும் என்பதால், அண்மைய இரண்டு மூன்று வார நிலையைக் காட்டும் ஃப்ரக்டோசமைன் பரிசோதனையைச் சில மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். அறுவைக்கு முந்தைய நாளும் பிந்தைய நாட்களிலும் சர்க்கரை 180-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதும் இதே அளவு முக்கியம்.

புகைப்பழக்கத்தைப் பற்றி டென்மார்க்கில் நடந்து 2002-இல் வெளியான ஆய்வொன்று தெளிவாகப் பேசுகிறது. இடுப்பு அல்லது முழங்கால் மாற்றுக்குக் காத்திருந்த 120 புகைப்பவர்களில் ஒரு பாதியினருக்கு, அறுவைக்கு 6 முதல் 8 வாரங்களுக்கு முன்பே புகையை நிறுத்தவோ குறைக்கவோ உதவி தரப்பட்டது. அவர்களில் 18 விழுக்காட்டினருக்கும், உதவி பெறாத மறுபாதியில் 52 விழுக்காட்டினருக்கும் சிக்கல்கள் ஏற்பட்டன. மாத்திரையாலோ கருவியாலோ இவ்வளவு பெரிய வேறுபாட்டைக் கொண்டுவருவது அரிது. பீடி, சிகரெட்டோடு புகையிலை மெல்லுவதையும் இதே கணக்கில் சேர்த்து நிறுத்துங்கள்.

மதுப்பழக்கம் இருந்தால் மருத்துவரிடமும் மயக்கவியல் மருத்துவரிடமும் உண்மையான அளவைச் சொல்லியாக வேண்டும். மானத்துக்கு அஞ்சி வீட்டார் இதை மறைப்பது மிகுதி. நாள்தோறும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், அறுவைக்குப் பின் இரண்டாம் மூன்றாம் நாளில் கைநடுக்கமும் குழப்பமும் வலிப்பும் வரக்கூடும். முன்பே தெரிந்திருந்தால் இதைத் தடுக்க மருந்து உண்டு.

இரத்தசோகை நம் ஊர்ப் பெண்களிடம் பரவலாக இருப்பதால் அதற்கு இரண்டு மாத இடைவெளி தேவை. ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13 என்னும் அளவுக்குக் கீழே இருந்தால் காரணத்தைக் கண்டறிந்து இரும்புச்சத்து ஏற்ற வேண்டும். நாளில்லை என்றால் இரத்தக் குழாய் வழியே ஏற்றும் இரும்பு ஊசி பயன்படும். முன்பே சரிசெய்தால் இரத்தம் ஏற்றும் தேவை குறைகிறது. இரத்தம் ஏற்றுவதோ தொற்றின் வாய்ப்பைச் சற்றே கூட்டுவது. இரத்தத்தில் ஆல்புமின் என்னும் புரதம் 3.5-க்குக் கீழே இருந்தால் உடல் புரதப் பஞ்சத்தில் இருக்கிறது என்று பொருள். பார்வைக்குப் பருமனாக இருப்பவரிடமும் இந்தப் பஞ்சம் இருக்கலாம்.

எடையில் 40 என்னும் உடல் நிறைக் குறியீட்டெண்ணைப் பலர் எல்லையாகக் கொள்கிறார்கள், 155 செ.மீ. உயரமுள்ளவருக்கு அது 96 கிலோ. அதற்கு மேலிருப்பவர்களுக்குக் காயம் ஆறுவதிலும் தொற்றிலும் சிக்கல் கூடுகிறது. ஆனால் அறுவைக்கு முந்தைய வாரங்களில் பட்டினி கிடந்து எடையைக் குறைப்பது தசையைக் கரைத்துவிடும். குறைக்க வேண்டியவர்கள் ஆறு மாதத்துக்கு முன்பே, புரதத்தைக் குறைக்காமல் தொடங்க வேண்டும்.

தோலையும் பல்லையும் மறந்துவிடுகிறோம். சொத்தைப் பல், சீழ்கட்டிய ஈறு, கால் விரலிடுக்குச் சேற்றுப்புண், குதிகால் வெடிப்பு, எரிச்சலுடன் சிறுநீர் போவது ஆகியவை கிருமிகளின் நுழைவாயில்கள். இவற்றுக்கு முன்னதாகவே சிகிச்சை பெறுங்கள். முழங்காலில் உள்ள முடியை வீட்டில் பிளேடால் மழிக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி குடியேறும். கடைசி மூன்று மாதங்களில் அந்த முழங்காலில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அறுவையைத் தள்ளிவைப்பதே முறை. வலிக்காக நாட்டு மருந்துப் பொடிகளை நெடுநாள் சாப்பிட்டவர்களும் அதைச் சொல்ல வேண்டும். பெயர் தெரியாத சில பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. அது தோலை மெலியச் செய்து, அறுவையின் அழுத்தத்தைத் தாங்கும் ஆற்றலையும் உடலிடமிருந்து பறித்துவிடுகிறது.

மருந்துப் பட்டியலை ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளைப் பொதுவாக மூன்று நாட்களுக்கு முன் நிறுத்துவார்கள். இரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் குளோபிடோக்ரெல் போன்றவற்றை எப்போது நிறுத்துவது, நிறுத்தலாமா என்பதை இதய மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். இதயக் குழாயில் ஸ்டென்ட் உள்ளவர் தாமாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

இறுதியாகப் பயிற்சி. காலை நீட்டிப் படுத்து முழங்காலின் பின்புறத்தைப் படுக்கையில் அழுத்தி ஐந்து எண்ணும் வரை நிறுத்துவது, காலை நேராக ஒரு சாண் உயரம் தூக்கி இறக்குவது, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது ஆகிய மூன்றையும் நாளும் இருவேளை செய்யுங்கள். அறுவைக்குப் பின் முதல் மாதத்தில் தொடை முன்தசை தன் வலுவில் பாதிக்கும் மேல் இழக்கிறது. கையிருப்பு அதிகம் உள்ளவருக்கு இழந்த பிறகும் மிச்சமிருக்கும். வாக்கரைப் பிடித்து நடக்கவும் அறுவைக்கு முன்பே பழகிக்கொள்வது நல்லது.

படி 4: வீட்டைத் தயார் செய்யுங்கள்

மேற்கத்திய வகைக் கழிப்பறையும் அதன் பக்கத்துச் சுவரில் கைப்பிடியும் கட்டாயம். அது இல்லாத வீட்டில் உயரம் கூட்டிய கமோடு நாற்காலியை வாடகைக்கு எடுக்கலாம். கட்டிலும் நாற்காலியும் முழங்கால் உயரத்துக்குக் குறையக் கூடாது. கைப்பிடியில்லாத பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். வழுக்கும் மிதியடி, தரையில் ஓடும் ஒயர், நிலைப்படிக் கட்டை, ஈரம் காயாத குளியலறைத் தளம் ஆகியவற்றை நோயாளி வீடு திரும்பும் முன் கவனித்துவிடுங்கள். மாடியில் படுக்கை இருந்தால் சில வாரங்களுக்குக் கீழே மாற்றிக்கொள்ளலாம்.

படி 5: அறுவை நாள்

இந்த நாளில் உங்கள் பங்கு சிறியது. திட உணவை ஆறு மணி நேரத்துக்கு முன் நிறுத்த வேண்டும். வெறும் தண்ணீரை மயக்க மருந்துக்கு இரண்டு மணி நேரம் முன்வரை குடிக்கப் பொதுவாக அனுமதிக்கிறார்கள். நள்ளிரவிலிருந்தே சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்ற பழைய முறையைப் பின்பற்றச் சொன்னால், தயங்காமல் மயக்கவியல் மருத்துவரிடம் கேளுங்கள். அறுவை தொடங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஊசி, இரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம், உடல் குளிர்ந்துவிடாமல் போர்த்தல், முதுகில் போடும் மயக்க ஊசி, மூட்டைச் சுற்றிச் செலுத்தும் மரப்பு மருந்து ஆகியவை இன்றைய நல்ல நடைமுறையின் கூறுகள்.

படி 6: மருத்துவமனையில் கழியும் நாட்கள்

டென்மார்க்கைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஹென்ரிக் கெலட் 1990-களில் முன்வைத்த விரைவு மீட்பு முறை, அறுவைக்குப் பின் படுக்கையில் கிடத்துவதே நோயாளியைப் பலவீனமாக்குகிறது என்று எடுத்துக்காட்டியது. இன்று பல இடங்களில் அன்று மாலையோ மறுநாள் காலையோ எழுப்பி நடக்க வைக்கிறார்கள். "பாவம், இன்று படுத்திருக்கட்டும்" என்று வீட்டார் தடுப்பது உதவியாகாது. நடக்கும்போது கெண்டைச்சதை சுருங்கி விரிந்து இரத்தத்தை மேலே தள்ளுகிறது. அதனால் காலில் இரத்தம் உறையும் வாய்ப்பு குறைகிறது. படுத்திருக்கும்போதும் மணிக்கொருமுறை பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள்.

வலியைப் பொறுத்துக்கொள்வது வீரமாகாது. வலி இருந்தால் பயிற்சி நடக்காது; பயிற்சி நடக்காவிட்டால் மூட்டு இறுகும். குறித்த நேரத்தில் மாத்திரை போட்டு, பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்னதாக ஒரு வேளை அமையும்படி திட்டமிடுவது பலன் தரும். டிராமடால் போன்ற மருந்துகள் மலச்சிக்கலையும் தலைசுற்றலையும் தரும் என்பதால் தண்ணீரும் நார்ச்சத்தும் தேவை. முதியவர்களுக்கு இரவில் குழப்பம் தோன்றினால் அஞ்ச வேண்டாம், ஆனால் உடனே செவிலியரிடம் சொல்லுங்கள். கண்ணாடியும் காதுக் கருவியும் அணிந்திருப்பதும், பழகிய முகம் அருகில் இருப்பதும், பகலில் விழித்திருக்க வைப்பதும் குழப்பத்தைக் குறைக்கும்.

படி 7: வீட்டில் முதல் ஆறு வாரங்கள்

எங்கள் வீட்டில் அன்பினால் செய்த தவறு இங்கேதான் நடந்தது. அம்மா வலிக்கிறது என்றதும் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தோம். மடங்கிய நிலையில் வலி குறையும் என்பதால் அவருக்கும் அது இதமாக இருந்தது. பத்து நாள் கழித்து வந்த இயன்முறை மருத்துவர், முழங்கால் பத்துப் பாகை மடங்கியே நிற்கத் தொடங்கிவிட்டதைக் காட்டினார். முழுதாக நீளாத முழங்காலோடு நடப்பவருக்குத் தொடைத்தசை ஓயாமல் உழைக்க வேண்டும். சற்று நடந்ததும் களைப்பு வரும், இடுப்பும் முதுகும் சேர்ந்து வலிக்கும். ஆகவே தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள், முழங்கால் அந்தரத்தில் நின்று தன் எடையாலேயே நேராகட்டும். பத்து நிமிடம் வீதம் நாளைக்கு நான்கு ஐந்து முறை இப்படிச் செய்யலாம். அம்மாவுக்கு அதைச் சரிசெய்ய ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அந்த வலி தேவையற்ற வலி.

எல்லோரும் "எவ்வளவு மடங்குகிறது" என்றே கேட்கிறார்கள். மடக்கமும் வேண்டியதுதான்: சமதரையில் நடக்க ஏறத்தாழ 65 பாகையும், படியேறி இறங்க 85 முதல் 90 பாகையும், தாழ்ந்த நாற்காலியிலிருந்து எழ 100 பாகையை ஒட்டியும் தேவைப்படுகிறது. இரண்டு வாரத்தில் 90, ஆறு வாரத்தில் 110 என்பது நல்ல இலக்கு. ஆனால் நீட்டம் முதலில், மடக்கம் அடுத்து என்ற வரிசையை மாற்றாதீர்கள். மூட்டைத் தானாக மடக்கி நீட்டும் மின்கருவியை வாடகைக்கு எடுப்பதால் கிடைக்கும் கூடுதல் பயன் மிகச் சிறியது என்பதே ஆய்வுகளின் தீர்ப்பு. அந்தப் பணத்தை இயன்முறை மருத்துவரின் வருகைக்குச் செலவிடலாம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து அளிக்கும் இயன்முறை சிகிச்சையும் அடங்கும். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

இரண்டாம், மூன்றாம் வார இரவுகள் கடினமானவை. பகலில் நன்றாக நடந்தவரும் இரவில் தூக்கமின்றி அழுவதுண்டு. இது இயல்பே என்று முன்கூட்டியே அறிந்திருந்தால் மனம் தளராது. துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 முதல் 20 நிமிடம் வைப்பதும், காலை இதயத்தைவிட உயரமாக நீட்டி வைத்துப் படுப்பதும் வீக்கத்தைக் குறைக்கும். ஒரு நாள் மிகையாக நடந்து மறுநாள் வீங்கிப்போனால் அடுத்த நாள் தூரத்தைக் குறையுங்கள். பயிற்சியை முற்றிலும் நிறுத்த வேண்டாம். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில்.

உணவைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பருப்பும் முட்டையும் மீனும் சாப்பிட்டால் புண்ணில் சீழ் பிடிக்கும் என்று நம்பி, ரசஞ்சாதமும் ரொட்டியும் மட்டும் கொடுக்கும் பத்திய வழக்கம் பல வீடுகளில் இன்னும் உண்டு. சீழ் கிருமியால் வருகிறது, முட்டையால் வருவதில்லை. தோலும் தசையும் புரதத்தால் ஆனவை, அதைக் குறைத்தால் காயம் ஆறுவது தாமதமாகும். சிறுநீரக நோய் இல்லாதவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் நாளொன்றுக்கு வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 72 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 அல்லது 7 கிராம், ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் ஏறத்தாழ 14 கிராம், 100 கிராம் வெந்த கோழிக்கறியில் 25 கிராமுக்கு மேல் என்று கணக்கிட்டால், சைவர்கள் இதை எட்டுவதற்குத் திட்டமிட்டே சாப்பிட வேண்டும் என்பது விளங்கும். காயத்தின் மேல் எண்ணெயோ மஞ்சளோ பச்சிலையோ எதுவும் தடவக் கூடாது.

படி 8: எப்போது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்

சில மாதங்கள் வரை முழங்கால் சற்றுச் சூடாகவும் வீங்கியும் இருப்பது இயல்பு. தழும்பின் வெளிப்பக்கம் மரத்துப்போவதும், நடக்கையில் "டக்" என்ற ஓசை கேட்பதும் இயல்பே. ஆனால் ஐந்து நாளுக்குப் பிறகும் காயத்தில் நீர் கசிந்தால், குறைந்துவந்த வலி திடீரென்று கூடினால், காய்ச்சலோடு சிவப்பு பரவினால், அன்றே அறுவை செய்த மருத்துவரிடம் போங்கள். மருந்துக்கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுத்துப் பார்க்கலாம் என்று எண்ணாதீர்கள். அது காய்ச்சலைத் தணித்து, கிருமியைக் கருவியின் மேல் ஒளித்துவைத்து, பிறகு மூட்டு நீரை எடுத்துப் பரிசோதித்தாலும் கிருமி எதுவென்று அறிய முடியாமல் செய்துவிடும். முதல் மூன்று நான்கு வாரங்களுக்குள் கண்டுபிடித்தால் மூட்டைக் கழற்றாமல் கழுவிச் சுத்தம் செய்து காப்பாற்றும் வாய்ப்பு நல்லபடியாக இருக்கிறது. மருந்துக்கடையில் கழிந்த இரண்டு வாரம் அந்த வாய்ப்பைத் தின்றுவிடும்.

கெண்டைக்காலில் புதிய வலியும் இறுக்கமும், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி ஆகியவை இரத்த உறைவின் அறிகுறிகளாக இருக்கலாம்; 108-ஐ அழைக்கத் தயங்க வேண்டாம். உறைவைத் தடுக்க எழுதிக்கொடுத்த மாத்திரையைச் சொன்ன நாள் வரை விடாமல் சாப்பிடுங்கள்.

ஆறாம் வாரத்தில் முழங்கால் 90 பாகைக்கும் குறைவாகவே மடங்குகிறது என்றால் காத்திருக்காதீர்கள். மயக்கம் கொடுத்து மூட்டை மெல்ல மடக்கிவிடும் முறை ஒன்றுண்டு. அது 6 முதல் 12 வாரங்களுக்குள் செய்யும்போதே நன்கு பயன்படும். அதன்பின் உள்தழும்பு இறுகிவிடும்.

படி 9: மூன்றாம் மாதத்துக்குப் பின்

பெரும்பாலோர் ஆறு வாரத்தையொட்டி வாக்கரை விட்டுக் கைத்தடிக்கோ துணையில்லாத நடைக்கோ மாறுகிறார்கள். மூன்றாம் மாதத்தில் அன்றாட வேலைகள் திரும்புகின்றன. மீட்சி ஓராண்டு வரை தொடர்கிறது. பலர் மூன்றாம் மாதத்தோடு பயிற்சியை நிறுத்திவிடுவதால்தான் படியிறங்கும்போது உள்ள தயக்கம் ஆண்டுக்கணக்கில் போகாமல் நிற்கிறது. வலி நின்ற பிறகு செய்யும் வலுவூட்டும் பயிற்சியே நடையைத் திருத்துகிறது. நடைப்பயிற்சி, சைக்கிள், நீச்சல் ஆகியவை நல்லவை. ஓடுவதும் குதிப்பதும் வேண்டாம். மறுகாலின் தேய்மானத்தையும் கவனியுங்கள், ஏனெனில் அந்த வலியே புதிய மூட்டின் பலனை மறைத்துவிடக் கூடும்.

ஆண்டுகள் கழித்தும் உடலின் வேறிடத்துப் புண்ணிலிருந்து இரத்தம் வழியே கிருமி மூட்டுக்கு வரலாம். நெடுநாள் அமைதியாக இருந்த முழங்கால் திடீரென்று வீங்கிச் சூடானால், எட்டாம் படியில் சொன்னதே அப்போதும் பொருந்தும். மருத்துவமனையிலிருந்து புறப்படும்போது, பொருத்திய மூட்டின் நிறுவனம், வகை, அளவு, வரிசை எண் ஆகியவை அச்சிட்ட ஸ்டிக்கர்களை டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் ஒட்டித் தருவார்கள். ஒட்டவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். என்றாவது ஒரு பாகத்தை மட்டும் மாற்ற வேண்டி வந்தால் அந்தத் தாள் இருந்தால்தான் பொருத்தமான பாகத்தை வரவழைக்க முடியும். அதன் நகலைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டு, மூலத்தை வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வைத்து, இருக்குமிடத்தைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.